பாலத்தில் எதிர்ப்பக்கம் போனவர்கள்

ஜூன் 4

என் தங்க அண்ணிக்கு,

நலம்தானே? அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, இல்லை குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்கிறாரா?

உங்கள் ‘மழையில் பாலம்’ சுவரேறிவிட்டது! புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரியின் மாடிப்படிச் சுவர் முழுக்க அதுதான். பழைய ஜப்பானிய மரஅச்சுப் படத்தில் சாம்பல் நிறத்தில் பெய்த மழையை நீங்கள் ஆரஞ்சும் ரோஸுமாகப் பெய்ய வைத்தீர்களே, பல்வலிக்காரர்கள்கூட வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். என் சுவர்ப்படக் கடைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. அடுத்து, நீங்கள் சொன்ன அந்த இன்னொரு ஜப்பானியப் படத்து விசிறிக்காரியை வரைந்து அனுப்புங்கள்.

உங்கள் வாலு

ஜூன் 19

என் வாலுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன்னிடம் சொல்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். உன் அண்ணனை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். “எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக் குடுக்குது, நீ சும்மா பட்டனை அமுக்குற” என்று அவர் சொல்வது உனக்குத் தெரியுமே. சுவரில் பார்த்தால் வாயடைத்துப் போவார் என்று நினைத்தேன்.

படம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. படத்துக்கு வெளியே வலப்பக்கம் வீடு இருப்பதாக நினைத்து, வீட்டுக்குப் போகிறவர்களாக நான் வரைந்த குடைக்காரர்கள் எல்லோரும் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் நான் எழுதியிருந்த பெயரைக் காணோம். “இதுல உன் பேரு எங்க?” என்றார் அவர். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “யார் வரைஞ்சதுன்னு தெரியலைங்க. கடையில வாங்குனது” என்றாள்.

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. “சரி வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அண்ணி

ஜூன் 24

அண்ணி,

திட்டுங்கள், நன்றாகத் திட்டுங்கள். “நாம ஏறும்போது இவங்க எதிர்ல இறங்கி வர்ற மாதிரி இருக்கே” என்றார் டாக்டரம்மா. திறப்பு விழா அவசரத்தில் படத்தைத் திருப்பிப் போட்டேன். திருப்பியதும் உங்கள் பெயர் கண்ணாடியில் தெரிவது போல ஆகிவிட்டது. அதை அழித்துவிட்டு நேராக எழுதலாம் என்று இருந்தேன், மறந்தே போனேன். உங்களுக்கு அது முதல் சுவர் என்பதைக்கூட நினைக்காமல் போனேனே!

நீங்கள் வரைந்தபடியே, பெயரோடு வேறு அச்சடித்து மாட்டியாயிற்று. அண்ணனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நானே அவருக்குக் காட்டுகிறேன். விசிறிக்காரி என்ன ஆனாள்? கோபத்தை அவள்மேல் காட்டாதீர்கள்.

உங்கள் வாலு

ஜூலை 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். படத்தை மாற்றியதற்கு நன்றி.

உன் அண்ணனைக் கூப்பிட்டேன். “அதான் போன தடவை பார்த்தாச்சே” என்றார். அதற்குமேல் எனக்கும் வற்புறுத்தத் தோன்றவில்லை. விசிறிக்காரி பாதியில் நிற்கிறாள். துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், சாயங்காலம் வந்தால் உட்கார முடிவதில்லை.

இருக்கிற படங்களை உன் கடையிலேயே வைத்துக்கொள். வாங்குகிறவர்கள் கேட்கிற பக்கம் திருப்பிக் கொடு. இனி என்னைக் கேட்க வேண்டியதில்லை.

உன்மேல் கோபம் வந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறுநாளே பேசியிருப்பேன். கோபம் வரவில்லை. அதுதான் வருத்தமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி