அண்ணனின் அடையாள அட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் மூவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச் சளியை அலட்சியமாக விடாதே.

நீ போனை வைத்து இருபத்தொரு நாள் ஆகிறது. "அண்ணனை வித்துட்டீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் அழுகை முந்திக்கொள்ளும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி வரை படி.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். குட்டி என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ பேப்பரில் வந்த படத்தைக் காட்டி, உங்கம்மா பெரிய தியாகி என்று கேலி செய்தார்களாம். எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படங்களை எண்வாரியாக அடுக்கும் அதே வேலை. அங்கே இரண்டு பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

நீ டிவியில் பார்த்தது எட்டு விநாடி இருக்கும். நடந்ததைச் சொல்கிறேன்.

நல்லிணக்க ஆணையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். உன் அண்ணனை ஏற்றிப் போன ஜீப்பை ஓட்டியவன் பேசத் தயாராக இருக்கிறான் என்றாள். ஆனால் குடும்பம் மன்னிப்பதாக எழுதிக் கொடுத்து, சபையிலும் சொன்னால்தான் இடத்தைக் காட்டுவானாம். வழக்கு என்று போனால் வாயைத் திறக்க மாட்டானாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் உரையாடல். முடியாது என்று எழுந்துவிட்டேன். அம்மாதான் உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அவன் காலைப் புடிச்சாவது இடத்தைக் கேட்டுட்டு வா. நான் கண்ணை மூடுறதுக்குள்ள என் புள்ளை எங்க கிடக்கான்னு தெரியணும்" என்றார். எனவே வித்தவள் யார் என்பதை நீயே முடிவு செய்துகொள். அம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதே.

நகரசபை மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை. உடைந்த நாற்காலிகளை ஒரு மூலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில், கண்ணைத் துடைக்கக் காகிதப் பெட்டி. கையெழுத்துப் போட்டேன். பிறகு அவனை அழைத்து வந்தார்கள். ராட்சசனை எதிர்பார்த்துப் போனவளுக்குக் காது மந்தமான, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்ட ஒரு மனிதன்தான் கிடைத்தான்.

முதலில் தன் தங்கையைப் பற்றிச் சொன்னான். சந்தையில் நம் ஆட்கள் வைத்த குண்டில் போனவள். பாதி உடம்புதான் கொடுத்தார்களாம். அந்தச் செய்தி ரேடியோவில் வந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ கை தட்டினாய். நான் உனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது என் காதில் அந்தக் கைதட்டல்தான் கேட்டது. அதற்காக அவன்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதே. வரவில்லை. கணக்கு நேர் என்றும் தோன்றவில்லை.

பிறகு இடத்தைச் சொன்னான். மூடிக் கிடக்கும் கல்குவாரி, எடைமேடைக்குப் பின்பக்கம். பன்னிரண்டு வருஷமாக என் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

அதன் பிறகுதான் மண்டபம். மன்னித்தேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன், கை கொடுத்தேன். படம் சரியாக விழவில்லை என்று மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். நீ பார்த்தது இரண்டாவது தடவை. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

போன செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். எலும்போடு, மீட்டர் பெட்டி மூடியைத் தூக்குவாரே, அந்த இரும்புக் கொக்கியும் இருந்தது. பிடியில் அவர் சுற்றிய சைக்கிள் டியூப் ரப்பர் அப்படியே இருந்தது. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போனவரை எதற்குப் பிடித்தார்கள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

இப்போது தெரியும். அந்த அறையில் ஓட்டுநரே சொன்னான். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அன்று சாலையில் எல்லாரையும் நிறுத்தி அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அட்டை இருந்தவர்களை விட்டுவிட்டார்கள். உன் அண்ணன் வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாராம். அதற்காகத்தான் ஏற்றினார்கள். காணோம் என்று புகார் எழுதப் போனபோது அவர் அட்டையைக் கேட்டார்கள். நான் வீட்டில் தேடாத இடமில்லை தம்பி. அரிசிப் பானையைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில், இனி விட மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, அவனிடம் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னாராம்: "அட்டை என் தம்பிக்கிட்ட இருக்கு. இந்நேரம் அவன் எல்லையைத் தாண்டியிருப்பான்." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு இன்றுவரை புரியவில்லை என்று என்னிடமே விளக்கம் கேட்டான் அந்த ஓட்டுநர்.

அவர்கள் பட்டியலில் உன் பெயர் இருந்தது, உன் அட்டையைக் காட்டி எல்லையைத் தாண்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். அவராகக் கொடுத்தாரா, நீயாக எடுத்துக்கொண்டு போனாயா? அது உனக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் வாராவாரம் போன் பேசினாய். அண்ணனுக்கு நீதி வேண்டும் என்று அங்கே ஊர்வலம் போன படங்களை அனுப்பினாய். இதை மட்டும் சொல்லவில்லை.

அந்த ஓட்டுநரை மன்னித்தேன் என்று சொல்வது ஒரு வகையில் சுலபமாக இருந்தது. அவனிடம் எனக்கு வேண்டியது ஒன்று இருந்தது. உன்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

இருபதாம் தேதி அவரை எங்களிடம் ஒப்படைக்கிறார்கள். வா. இப்போது உன்னை யாரும் பிடிக்க மாட்டார்கள். என் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை உன் வாயால் சொல். அவனே சொன்னான், உன்னால் முடியாதா? சொன்ன பிறகு நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் எழுந்து போக மாட்டேன்.

வர முடியாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் தம்பி. மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்து அவர் கேட்டது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணி