விலாவை ஒட்டிய பந்து

என் கோபக்காரிக்கு,

என் பந்து உன் அண்ணன் ராதமேஸின் விலா எலும்பை உடைத்த நாளிலிருந்து நான் யாருக்கும் உடம்பை ஒட்டி வீசியதில்லை. பேஸ்பாலில் நாலு பந்து அடிக்கும் எல்லைக்கு வெளியே போனால் அடிப்பவர் சும்மாவே முதல் தளத்துக்கு நடக்கலாம். நம் ஊர் சான் பெட்ரோவில் பாதிப் பேரை நடக்கவிட்டேன்.

இன்று ஆட்டத்தின் கடைசியில் உன் அண்ணனே மட்டையோடு வந்து நின்றார். மூன்று பந்து வெளியே போயிற்று.

"என்ன மாப்ள, என்னையும் நடக்க விடப்போறியா? எலும்பு கூடிடுச்சு, உள்ள போடு" என்றார். ஒரு வருடம் கழித்து என்னிடம் பேசினார்.

உள்ளேயே போட்டேன், மூன்று பந்தையும். மூன்றிலும் அவர் மட்டை காற்றைத்தான் அடித்தது; அவர் அவுட்.

போகும்போது, "ஞாயித்துக்கிழமை வந்து உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. அடிப்பிடிச்ச சோத்தப் பூரா அவளே சுரண்டித் தின்னுடுறா" என்றார்.

வருகிறேன். இந்த முறை தெருமுனையோடு திரும்ப மாட்டேன். அடிச்சோற்றில் பாதி எனக்கு.

உன் கணவன்