பின்வாசலில் மூன்று படி

மார்ச் 4

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நலம்தானே? நாலு தெரு தள்ளி இருப்பவனுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நாற்பது வருடம் மில்லில் மோட்டார்களுக்கு நடுவே நின்று ஸ்பேனர் பிடித்த காதுக்குப் போன் எதற்கு? நீ அங்கே என்ன பேசினாலும் எனக்கு இங்கே வெறும் கொர்கொர்தான். என் வீட்டுக்காரியை விட்டுவிட்டு நினைத்த நேரத்தில் கிளம்பி வரவும் முடியவில்லை. நம் தபால்காரர் ஓய்வு பெற்ற பிறகும் காலை நடையை விடாத மனிதர். அவர் சட்டைப் பையில் இதைச் செருகி அனுப்புகிறேன்.

பேக்கரிக்காரர் வீட்டுக் கொல்லையில் அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டதாமே. வேலை பார்த்த காலமெல்லாம் அடுப்பில் வெந்தது போதாதென்று இப்போது கொல்லையிலும் ஒன்று கேட்டவரை என்ன சொல்ல. அத்தனை செங்கல்லையும் நாம் நாலு பேர் சுமந்தோம், முதல் ரொட்டி கருகிப்போனதாம். கேட்டதும் இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இவளுக்கு இடது கையும் இடது காலும் சும்மா கிடக்கின்றன. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள் என்கிறார் டாக்டர், எப்போது வரும், வருமா என்று அவருக்கும் தெரியவில்லை. சக்கர நாற்காலியில் சமையலறை வரை போவாள், பின்வாசல் வரை போவாள். அங்கே மூன்று படி. அதற்கு மேல் ஓர் அடி நகர முடியாது. தன் கையால் வைத்த செடிகள் வாடுவதைக் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நம் கையில் மண்வெட்டியைக் கொடுத்ததே அவள்தான். "ரிட்டையர் ஆகி நாலு பேரும் பார்க் பெஞ்சைத் தேய்ச்சது போதும், யார் வீட்டுக் கொல்லையையாவது போய்க் கொத்துங்க" என்று துரத்தினாள். அப்புறம் பேக்கரிக்காரர் தனியாகக் கல்லைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட அன்று நீ சட்டம் போட்டாய்: சொந்த வீட்டில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது, நாலு பேரும் சேர்ந்துதான், முறை வைத்துத்தான். நான் அதைத் தாண்டவில்லை. அடுத்த முறை எங்கள் வீடு. எங்களுக்கு அடுப்பு வேண்டாம், பந்தல் வேண்டாம், அந்த மூன்று படிக்கு மேல் ஒரு சாய்தளம் போதும். "அண்ணன்கிட்ட கேட்டீங்களா?" என்று உன்னைச் சொல்லித் தினமும் கேட்கிறாள். கேட்டுவிட்டேன்.

உன்,
ஸ்பேனர்


மார்ச் 9

என் அருமை ஸ்பேனருக்கு,

தங்கச்சியின் நாக்கு நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி. உன்னை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

தபால்காரரை விட்டு உன் படிகளை அளக்கச் சொன்னேன். பதினெட்டு அங்குலம் உயரம். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும், ஆகப் பதினெட்டு அடி. நேராக விட்டால் எலுமிச்சை மரத்தில் முட்டும். மரத்தை வெட்டினால் தங்கச்சி என்னை வெட்டுவாள். எனவே பாதியில் ஒரு திருப்பம், அங்கே நாற்காலி திரும்ப ஒரு மேடை, இரண்டு பக்கமும் கைப்பிடி. முப்பத்தைந்து வருடம் மில்லுக்கு வரைபடம் போட்டவன் உன் வீட்டில் கோணலும் மாணலுமாக எதையாவது போட்டுவிட்டுப் போக முடியாது. நீயாகப் பலகை கிலகை போட்டு எதையும் செய்து வைக்காதே. அவள் விழுந்தால் யார் பதில் சொல்வது?

இடையில் ஒரு சின்ன வேலை. என் வீட்டு மீன்குளத்துக்குக் குழி வெட்டியாயிற்று, மழை வந்தால் கரை சரிந்துவிடும். அதை முடித்த கையோடு உன் வீடு, சத்தியம். என்னவள் போன பிறகு இந்த வீட்டில் அசைகிற பொருளே இல்லை. மீனாவது அசையட்டும்.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
ஸ்கேல்


மே 2

அன்புள்ள ஸ்கேலுக்கு,

குளம் அழகாக வந்திருக்கிறது. பொறாமையில் சொல்லவில்லை. இவளுடைய அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு ஆறு சனிக்கிழமை வந்து கல் தூக்கியவன் நான், எனக்கும் அதில் பெருமை உண்டு.

வீட்டுக்குத் திரும்பினால் குறுக்கு விசாரணை. "மீனுக்கு வீடு கட்டியாச்சா? ஆழம் போதுமா? வெயில் அடிக்காம இருக்குமா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். கடைசியில், "சரி, எனக்கு எப்ப?" என்பாள்.

போன வாரம் மனசு கேட்காமல் தபால்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கப் பார்த்தேன். இரண்டாவது படியில் அவர் கை வழுக்கிவிட்டது. நாற்காலி சாய, இவள் நல்ல கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. சாயங்காலம், "மூட்டை மாதிரி என்னைத் தூக்காதீங்க" என்றாள். அதிலிருந்து பின்வாசல் பக்கமே வருவதில்லை. அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் சும்மா இருப்பதை நான் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

சண்டைக்கு எழுதவில்லை. முறை தள்ளித் தள்ளிப் போகிறதே என்று ஒரு வருத்தம், அவ்வளவுதான். வரைபடம் ஆயிற்றா?

உன்,
ஸ்பேனர்


மே 7

அருமை ஸ்பேனருக்கு,

படத்தை மூன்றாவது தடவையாக வரைகிறேன். திருப்பத்தில் மழைத் தண்ணீர் தேங்குமோ என்று சந்தேகம். காங்கிரீட் என்பது நிரந்தர வேலை, அவசரத்தில் போட்டுவிட்டு அப்புறம் உடைக்க முடியாது.

அதற்குள் தபால்காரர் வீட்டு நடைபாதையில் கல் அமுங்கிவிட்டது. ஊரெல்லாம் நடந்த மனிதர் சொந்தக் கொல்லையில் தடுக்கி விழுந்தால் சிரிக்கமாட்டார்களா? அதைச் சரி செய்துவிட்டு வருகிறோம். தங்கச்சியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன்,
ஸ்கேல்


ஜூன் 21

ஸ்கேலுக்கு,

நேற்று நடைபாதை வேலையில் கல் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் தேவைப்பட்டது. "என் வீட்டு ஷெட்டுல ஆணியில தொங்கும், எடுத்துட்டு வா" என்று சைகையும் பேச்சுமாக நீதான் என்னை அனுப்பினாய். ஆணியில் ரசமட்டம் இருந்தது. கீழே மேஜையில் உன் வேலை நோட்டு திறந்து கிடந்தது. அடுத்தவன் நோட்டைப் படிப்பது தப்புதான். என் வீடு எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்க நினைத்தேன்.

முதலில் குளம். பிறகு நடைபாதை. பிறகு பேக்கரிக்காரர் வீட்டுக் கொடிப்பந்தல், அதைப் பற்றி என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் என் வீட்டுச் சாய்தளம். அதற்கு எதிரே, அச்சடித்த மாதிரி விழும் உன் எழுத்தில்: "பொறுத்துப் பார்க்கலாம். தேவைப்படாமலே போகலாம்." தேதி மார்ச் 10. முந்தின நாள்தான் எனக்குச் சத்தியம் செய்து எழுதியிருந்தாய்.

தேவைப்படாமல் போவது என்றால் என்ன? அவள் எழுந்து நடந்துவிடுவாள் என்று நினைத்தாயா? அப்படியென்றால் உன் காலில் விழுகிறேன். இல்லையென்றால் என்ன நினைத்தாய் என்று உன் கையாலேயே எழுது. மற்ற இருவருக்கும் தெரியுமா என்பதையும் எழுது.

ஸ்பேனர்


ஜூன் 24

ஸ்பேனர்,

உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. நடப்பாள் என்று நினைக்கவில்லை. டாக்டர் சொன்னதை நீ எழுதியதும், இந்த வருடத்தைத் தாண்டமாட்டாள் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். மற்ற இருவரிடமும் சொன்னேன். பேக்கரிக்காரர் "அதுக்காகச் செய்யாம இருக்கிறதா?" என்று கேட்டார். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

ஏன் என்று கேள். என்னவள் படுத்தபோது குளியலறையில் மூன்று கைப்பிடி போட்டேன், நினைவிருக்கிறதா? நீதான் துளை போட்டுக் கொடுத்தாய். ஒன்பது நாள் பிடித்தாள், போய்விட்டாள். அப்புறம் தினமும் காலையில் பல் துலக்க நின்றால் அந்த மூன்றும் என் முகத்துக்கு எதிரே. நாலு மாதம் தாங்கினேன். பிறகு நானே கழற்றினேன். ஓட்டையைப் பூசி அடைத்தும் இடம் தெரிகிறது. உனக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தேன். பதினெட்டு அடி காங்கிரீட்டை வைத்துக்கொண்டு தனியாளாக நீ என்ன செய்வாய் என்றுதான் என் யோசனை போயிற்று. உன் மேலிருந்த அக்கறைதான், வேறில்லை.

எழுதும்போது எனக்கே கூசுகிறது. மன்னித்துவிடு. சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். சிமெண்டும் மணலும் சொல்லியாயிற்று. இரண்டு நாள் வேலைதான்.

உன்,
ஸ்கேல்


ஜூலை 3

ஸ்கேலுக்கு,

இரண்டு நாள் வேலைதான் என்று உன் கையாலேயே எழுதிவிட்டாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் மேல் அக்கறை என்கிறாய். சாய்தளம் எனக்காகவா கேட்டேன்? அவள் போன பிறகு நான் எதைப் பார்த்து அழுவேன் என்று யோசித்தவன், இருக்கிறவள் நாள் பூராவும் எதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு தடவை உள்ளே வந்து பார்க்கவில்லை. வாசலோடு வந்து வாசலோடு போனாய். உன்னவள் அந்தக் கைப்பிடியை ஒன்பது நாள் பிடித்தாள். அந்த ஒன்பது நாளும் யார் தோளையும் பிடிக்காமல் தானாக எழுந்து நின்றாள், நீதான் வந்து சொல்லிச் சந்தோஷப்பட்டாய். இவளுக்கும் ஒன்பது நாள் கிடைத்திருந்தால் போதும் என்றுதான் நான் கேட்டேன். நீ நாலு மாதத்தை எடுத்துக்கொண்டாய்.

என் மேலும் எனக்குக் கோபம்தான். ஃபிட்டராக இருந்தவன் நான். ஆங்கிள் இரும்பையும் நாலு பலகையையும் போல்ட் போட்டு முடுக்க எனக்கு யார் தயவு வேண்டும்? சட்டம், முறை, சிநேகம் என்று கட்டிக்கொண்டு அழுதேன். உன் நோட்டைப் பார்த்த மறுநாளே ஆரம்பித்தேன், ஆறு நாளில் முடித்தேன். பன்னிரண்டு அடிதான். செங்குத்து அதிகம், வலப் பக்கம் கொஞ்சம் கோணல். வழுக்காமல் இருக்கக் கம்பிவலை அடித்திருக்கிறேன். இறக்கும்போது முழு பலத்தையும் கொடுத்துப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை இறக்கினேன். அழுவாள் என்று நினைத்தேன். கொடிக்கயிறு தொய்ந்து கிடப்பதைப் பார்த்தாள், பாத்தியில் புல் மண்டியிருப்பதைப் பார்த்தாள். "ஆறு மாசமா இந்த லட்சணத்துலதான் வச்சிருந்தீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தாள். அழுதது நான்தான். மதியம் வரை வெளியிலேயே இருந்தாள்.

உன் படத்தை வைத்துத்தான் செய்தேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உனக்காகச் சொல்லவில்லை. நீங்கள் மூன்று பேரும் அவளுக்கு நாள் குறித்துவிட்டு மீனுக்குக் குளம் வெட்டினீர்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பிவிட்டாள். "அண்ணன் யோசிச்சு யோசிச்சுத்தான் செய்வார், அதான் லேட்டு" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

சனிக்கிழமை நீங்கள் மணல் வண்டியோடு வந்து கேட்டில் நின்றீர்கள். பெல் சத்தம் இந்தச் செவிடனுக்குக் கேட்கவில்லை என்று எண்ணியிருப்பீர்கள். கேட்கவில்லைதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கொல்லையில் இருந்தாள், அவளுக்குக் கேட்டுவிட்டது. "யாரோ பெல் அடிக்கிறாங்க, அண்ணன் குரல் மாதிரி இருக்கு" என்றாள். வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

இப்போது அடுத்த பிடிவாதம் ஆரம்பித்திருக்கிறது. மூன்று பேரையும் கூப்பிட வேண்டுமாம், எலுமிச்சை மரத்தடியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே ஜூஸ் பிழிந்து கொடுக்க வேண்டுமாம். ஒரு கையால் எப்படிப் பிழிவது என்று நேற்றிலிருந்து பழகுகிறாள்.

நீ வந்தால் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வாள். மனசாரச் சொல்வாள். நீயும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வாய், வேறு என்ன செய்ய முடியும் உன்னால்? அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் ஆகாது. நீ ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். வராதே.

ஸ்பேனர்