பன்னிரண்டாவது குழி

மார்ச் 3

அன்புள்ள நெட்டை,

நீயும் உன் மூட்டுவலியும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐம்பது வருஷமாக என்னோடு பேசாதவன் நீ. கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தரம் படித்துவிடு.

நாம் இருவரும் வேலை பார்த்த ஏழாம் எண் விமானம் கிடைத்துவிட்டது! ஏதோ பூங்காவில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததை அருங்காட்சியகத்தார் கொண்டுவந்து பழுது பார்க்கிறார்கள். உன் கருவிப்பெட்டியும் பழைய பறப்புத் தாள்களும் கூடவே வந்திருக்கின்றன. வாரம் மூன்று நாள் நானும் போகிறேன். என்ஜின் மூடியைத் திறந்ததும் அந்தப் பழைய எண்ணெய் வாடை வந்தது பார், அழுதே விட்டேன்.

விமானத்தின் முன்னால் வைக்கப்போகும் பலகையில் விமானிகள் நால்வரின் பெயர் மட்டும் இருந்தது. "காத்தாடியக் கையால சுத்தி விட்டது யாரு? இறக்கைத் துணியத் தைச்சது யாரு? அது தானா பறந்துச்சா?" என்று சண்டை போட்டேன். பொறுப்பாளர் அம்மாள் என்னையே எழுதித் தரச் சொல்லிவிட்டார். என்ஜின் எனக்குத் தெரியும். இறக்கையும் கம்பியும் உன் ராஜ்யம். நீ எழுதாவிட்டால் பலகை பாதிதான்.

உன்
கரிமூஞ்சி

மார்ச் 19

கரிமூஞ்சிக்கு,

எழுதிக்கொள். இறக்கைத் துணியில் அங்குலத்துக்கு எட்டுத் தையல். கம்பி ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, ஓசை பிடித்தால்தான் விடுவேன். என் கையில் இருந்தவரை ஏழாம் எண் எந்த விமானியையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவராமல் இருந்ததில்லை.

அணிவகுப்பு நாளையும் எழுது. அது பறக்கவேண்டிய கடைசி நாள். பெட்டியில் கருவிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குழி. எண்ணினால் பதினொரு கருவி. நீ என்னிடம் கேட்டு வாங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். "பெட்டியில வச்சிட்டேன்டா" என்றாய். உன்னை நம்பினேன். ஆனால் எண்ணிக்கையை அதைவிட நம்பினேன், பறக்கலாம் என்று பறப்புத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அத்தனை அதிகாரிகள் முன்னால் ஏழாம் எண் மட்டும் தரையில் நின்றது. தேடியும் கிடைக்கவில்லை. விசாரணையிலும் நீ அதையே சொன்னாய். தொலைத்தவன் நான் என்று முடிவாகி, கிடங்கில் போர்வை எண்ண அனுப்பினார்கள். பதினோரு வருஷம் எண்ணினேன்.

இதை எழுத மனசில்லையென்றால் என் பெயரும் வேண்டாம்.

நெட்டை

ஏப்ரல் 8

என் நெட்டை,

இதை உட்கார்ந்து படி.

நேற்று விமானியின் இருக்கையைக் கழற்றி, அதன் அடித்தகட்டைத் திறந்தோம். வாலுக்குப் போகும் கம்பி ஓடும் கப்பிக்கு ஒரு விரல் தள்ளி அந்த ஸ்க்ரூ டிரைவர். பிடியில் உன் மஞ்சள் பெயிண்ட்.

அன்று காலை அந்தத் தகட்டை மூடியவன் நான்தான். உன்னுடையதை உள்ளே விட்டுவிட்டு, என்னுடையதால் திருகி மூடியிருக்கிறேன். தேடும்போது அதை மட்டும் திறக்க விடவில்லை. "இப்பதானே மூடினேன், என் வேலையிலயே சந்தேகமா?" என்று குதித்தேன். அன்று விமானி வானத்தில் விமானத்தோடு குட்டிக்கரணம் போடுவதாக இருந்தது. தலைகீழானதும் அது நழுவிக் கப்பியில் சிக்கியிருக்கும். கீழே அத்தனை ஜனம்.

தெரிந்து பொய் சொல்லவில்லையடா. ஆனாலும் உன் வேலையைத் தின்றது என் வாய்தான். மன்னித்துவிடு. பலகையில் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறேன்: "கருவி ஒன்று குறைந்ததால் கையெழுத்திட மறுத்து, விமானியையும் கூட்டத்தையும் காத்தவர் இவர். அதை உள்ளே மறந்து விட்டவர் என்ஜின் பணியாளர்." கீழே இரண்டு பெயரும். உன்னோடு ஒரே விமானத்தில் வேலை பார்த்தவன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

ஸ்க்ரூ டிரைவரை உனக்கு அனுப்பட்டுமா?

கரிமூஞ்சி

ஏப்ரல் 20

டேய் கரிமூஞ்சி,

அனுப்பாதே. அதன் குழியிலேயே இருக்கட்டும்.

கடிதத்தை மனைவிக்கு மூன்று தரம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. நேற்றிலிருந்து பால்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பலகையில் ஒரு வரி சேர். மறந்தவர் என்று மட்டும் உன்னை எழுதினால் அது பாதி உண்மை. வானத்தில் ஒரு நாளும் அந்த என்ஜினை நிற்கவிடாதவர் என்றும் எழுது. நான் சொன்னதாகவே எழுது.

பலகைத் திறப்பு நாளுக்கு வருகிறேன். படிக்கட்டுப் பக்கம் நில், கை கொடுக்க ஆள் வேண்டும். அணிவகுப்பு நாளின் பறப்புத் தாளையும் ஒரு பேனாவையும் பெட்டி பக்கத்தில் எடுத்து வை. என் கையால் எண்ணிப் பார்த்து, பன்னிரண்டும் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

எண்ணிவிட்டேன் என்று மட்டும் நீ சொல்லாதே.

உன்
நெட்டை