நான்கும் ஏழும் சேரும் இடம்

உம்லாசி, V பிரிவு
11 மார்ச் 2013

என் ஆசைத் தம்பி வுகானிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உனக்கு இருமல் விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துத் தாளம் மட்டும் இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது.

நேற்று சலூனுக்கு லீவு. நாள் பூராவும் உன் தாளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். அடப்பாவி, என்னடா அது? கிக் டிரம் ஒரு வழியில் போகிறது, கைதட்டல் இன்னொரு வழியில் போகிறது. இந்த மென்பொருள் பதினாறு கட்டம்தான் தருகிறது. பதினேழாவதில் மறுபடி முதலுக்கு ஓடிவிடுகிறது, உன் தாளம் பாதியில் அறுந்து விழுகிறது. சரி என்று எல்லாவற்றையும் நேராக்கிப் போட்டேன். என்னோடு முடி பின்னும் சோட்வா கேட்டுவிட்டு, "அக்கா, இது பாட்டா, துணி துவைக்கிற மெஷினா?" என்றாள். எனக்கு மானமே போயிற்று.

ஜூன் 12 உன் விடுதலை விசாரணை. நன்னடத்தை என்று உன்னை வெளியே விட்டுவிடுவார்கள், வக்கீலம்மா நம்பிக்கையாகப் பேசுகிறார். "மூணு வருஷமா ஜெயில்ல எந்தக் கும்பல்லயும் சேராம இருந்திருக்கான். அந்த ஒரு வரிதான் உங்க தம்பியைக் காப்பாத்தும்" என்றார். திருட்டுக் காரில் ஏறி உட்கார்ந்த முட்டாள்தனத்துக்கு மூன்று வருடம் போதும். வந்து சேர்.

உன் அக்கா,
நொக்வாசி

*

சிறை
25 மார்ச் 2013

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. தாளத்தை நேராக்காதே. உன் காலில் விழுகிறேன், நேராக்காதே. நேராக்கினால் அது செத்துப்போகும்.

இப்படிச் செய். இடது கையால் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. அது கைதட்டல். வலது கையால் ஏழு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. அது கிக். முதல் தட்டு இரண்டு கைக்கும் சேர்ந்து விழும். பிறகு அதது தன் வழியில் போகும், ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. கேட்கிறவனுக்கு ஒரு பயம் வரும், வழி தவறிவிட்டோமோ என்று. அப்போதுதான் இரண்டும் மறுபடி ஒன்றாக விழும். அதுவரைக்கும் கட்டத்தை வெட்டாமல் நீட்டு. எத்தனை கட்டம் என்று நீயே எண்ணிக்கொள். நான் எழுதமாட்டேன்.

கட்டில் இரும்பில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துக் கட்டில் கிழவர், "டேய், தூங்க விடுறியா, இல்ல கையை ஒடிக்கவா?" என்கிறார். ஆனால் அவர் காலும் ஆடுகிறது, பார்த்துவிட்டேன்.

உன் தம்பி,
வுகானி

*

உம்லாசி
15 ஏப்ரல் 2013

என் கணக்குப் புலி தம்பிக்கு,

எண்ணத் தெரியாமல்தானே என் தலையில் கட்டினாய்? பள்ளிக்கூடத்திலும் உனக்குக் கணக்கு நான்தான் போட்டுத் தந்தேன். நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்: இருபத்தெட்டு! நாலேழு இருபத்தெட்டு!

நீட்டினேன்டா. வந்துவிட்டது. இரண்டும் பிரிந்து போய், இனிச் சேராது என்று நினைக்கிற நேரத்தில் டம் என்று ஒன்றாக விழுந்ததே, நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். மினிபஸ் ஓட்டும் ம்சிசி தன் வண்டியில் போட்டான். ஸ்டாண்டில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. "வண்டி ஸ்பிரிங் போச்சுன்னா உன் தம்பிதான் மாத்தித் தரணும்" என்கிறான். பாட்டுக்கு 28 என்றே பெயர் வைத்துவிட்டேன். இப்போது இங்கே உனக்கும் அதுதான் பெயர். "28 எப்ப வர்றான்?" என்று ஸ்டாண்டில் எல்லாரும் கேட்கிறார்கள். நீதான் எங்கள் 28. தலை நிமிர்ந்து வா.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத உன் அக்கா,
நொக்வாசி

*

உம்லாசி
20 மே 2013

வுகானி,

நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சனிக்கிழமை பார்க்க வந்தேன். மூன்று மணி நேரம் நிற்கவைத்து, உன்னைப் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் இருந்த காவலர், "உன் தம்பி எந்த நம்பர்னு நீயேதானம்மா எழுதிக் குடுத்த? இப்ப வந்து எதுக்கு அழுவுற?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. 28 என்பது ஜெயிலுக்குள் ஒரு கும்பலின் பெயர் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். ஆனால் நான் எண்ணியது கட்டத்தைத்தான்டா. சத்தியமாகக் கட்டத்தைத்தான். நீ ஏன் எழுதமாட்டேன் என்றாய் என்பது இப்போது புரிகிறது. கணக்கு தெரியாதவன் என்று உன்னைக் கேலி செய்தேனே, பாவி.

மேலதிகாரியிடம் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "சார், இது பாட்டு சார், கேளுங்க" என்றேன். அவர் கேட்கவே இல்லை. அங்கே பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் இந்தக் கடிதத்தைச் சிறை அலுவலகத்தில் போடவில்லை. ஞாயிறு ஜெபத்துக்கு உள்ளே வரும் பாஸ்டர் ம்ஜி கையில் கொடுக்கிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா

*

3 ஜூன் 2013

அக்கா,

இதையும் பாஸ்டர்தான் கொண்டுவருகிறார். எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் மூன்று விரல் ஒடிந்திருக்கிறது.

உன் ஏப்ரல் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே அறையில் ஒருவன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டான். சேராதவன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டால் இங்கே மன்னிப்பு கிடையாது. "யாருடா உனக்கு அந்தப் பேரு குடுத்தது?" என்று கேட்டார்கள். பாட்டு என்றேன். கட்டில் இரும்பில் தட்டியும் காட்டினேன். சிரித்தார்கள். அப்புறம் விரலில் ஆரம்பித்தார்கள். சாக வேண்டும், இல்லையென்றால் உண்மையாகவே சேர வேண்டும். சேர்ந்துவிட்டேன். தோளில் அந்த எண்ணைப் பச்சை குத்தியிருக்கிறார்கள். கும்பலில் சேர்ந்தவன் என்று என் ஃபைலிலும் எழுதியாகிவிட்டது, இனி விடமாட்டார்கள். 12ஆம் தேதி விசாரணைக்கு நீ வராதே, வக்கீலம்மாவையும் அலைய விடாதே.

உன்மேல் தப்பில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொய் சொல்ல வரவில்லை. சில நேரம் உன்மேல் அப்படியொரு கோபம் வருகிறது. அதற்குப் பிறகு என்மேல் வருகிறது. ஒரே ஒரு வரி, இந்த எண்ணை எழுதாதே என்று, நான் எழுதியிருக்கலாம். நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியில் சொந்தம் இருப்பவனை இவர்கள் சும்மா விடுவதில்லை. உன் சலூனுக்கு ஆள் வரும். துணிக்குள் மறைத்து ஜெயிலுக்குள் இதைக் கொண்டு போ, அதைக் கொண்டு போ என்பார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் அக்கா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நடிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் அழுதேன், எல்லாரும் நம்பிவிட்டார்கள். அந்தக் கிழவர்கூட எனக்காக ஜெபம் செய்தார்.

நீ ஒரு கடிதம் போட்டாலும் எல்லாம் பொய் என்று ஆகிவிடும். பார்க்கவும் வராதே, எழுதவும் எழுதாதே. பாஸ்டரிடமும் ஒன்றும் கொடுத்தனுப்பாதே.

செத்தே இரு, அக்கா.

வுகானி