ஆணியடித்த கதவு

1961 மே 8, திங்கள்

பள்ளியிலிருந்து முன்னோடி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தினமும் பேருந்தில் கடக்கிற இடம்தான். சாலையோரப் பலகையில், ‘இப்பகுதியின் முதல் குடியேறி நில்ஸ் ஹாகன் 1884இல் கட்டிய வீடு’ என்றிருக்கிறது. ஒரே அறை. ஆனால் இரண்டு கதவுகள்! கிழக்குக் கதவில் ஆணியடித்திருக்கிறார்கள். வீட்டைக் காட்டும் ஆர்வில் ஹாகன், நில்ஸின் பேரன், “அது வேலைக்காரி வர்ற வழி, பாப்பா” என்றார்.

ஒற்றை அறை வீட்டுக்கு வேலைக்காரியா?

மே 12

என் சந்தேகத்தைத் தீர்க்க, நில அலுவலகத்தில் அம்மா பழைய வரைபடத்தையும் பதிவேட்டையும் கேட்டு வாங்கினாள். மேற்கு நிலம் நில்ஸுக்கு. கிழக்கு நிலம் அமேலியா க்விஸ்டுக்கு, மணமாகாதவர். எல்லைக்கோடு வீட்டின் நடுவே ஓடுகிறது!

அந்தக் காலத்தில் அரசு நிலம் சொந்தமாக, ஐந்து வருடம் அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும். மரமே இல்லாத ஊர். அதனால் இருவரும் சேர்ந்து எல்லைமேல் ஒரே வீடு கட்டியிருக்கிறார்கள். அவரவர் பக்கத்தில் அவரவர் கட்டில், அவரவர் கதவு என்று பதிவேட்டிலேயே இருக்கிறது.

வேலைக்காரியாம்!

மே 16

ஆர்வில் ஹாகனிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. “கல்யாணமாகாத பொண்ணும் எங்க தாத்தாவும் ஒரே வீட்லயா? நல்ல குடும்பத்துப் புள்ள பேசற பேச்சா இது?”

ஓ! ஆணி இதற்குத்தானா?

மே 29

நாளை போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். முன்னோடி வீட்டு வாசலில் நடக்கும் விழாவில் பலகையை வாசிக்கப்போவது நான். “அதுல இருக்கறத மட்டும் படி, லெனோரா” என்றார் எங்கள் ஆசிரியை திருமதி டாலி.

“பயமா இருக்காடி?” என்றாள் அம்மா.

“இல்ல.”

“அப்போ தாள ஏன் தலைகீழா புடிச்சிருக்க?”

மே 30

பலகையை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பிறகு, “இதில் பாதி வீடு அமேலியா க்விஸ்டுடையது” என்றேன். யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். நிறுத்தட்டுமே! எனக்குத் தொண்டை இல்லையா? ஐந்து வருடக் குளிர், அவருடைய கட்டில், அவருடைய கதவு — எல்லாவற்றையும் கத்தியே சொன்னேன்.

மே 31

திருமதி டாலி, ஆர்வில் ஹாகனிடம் கொடுக்க மன்னிப்புக் கடிதம் கேட்டார். எழுதினேன்: ‘கத்தியதற்கு மன்னிக்கவும். சொன்னதற்கு அல்ல.’

ஜூன் 10

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். போனேன். பலகை அப்படியேதான் இருக்கிறது. ஆர்வில் ஹாகன் கிழக்குப் பக்கம் குறடோடு நின்றார். காலடியில் துருப்பிடித்த ஆணிகள். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“உள்ள புழுக்கமா இருக்கு. காத்து வரட்டும்னுதான் தொறந்தேன். வேற ஒண்ணும் நினைச்சுக்காத.”

“சரி” என்றேன்.

அவர் விலகி வழிவிட்டார். நான் கிழக்குக் கதவு வழியாக உள்ளே போனேன்.