குனிய வேண்டாத மெஷின்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஆயில் மாற்ற மூன்று கார் வந்தது. மூன்றையும் மாப்பிள்ளை தலையில் கட்டிவிட்டு நான் பேட்டரி டெர்மினலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டினதையே சுரண்டினால் அது வெள்ளியாகவா மாறப்போகிறது?

மாப்பிள்ளை ஒன்றும் கேட்பதில்லை. தங்கச்சி புருஷன். உறவில் மாப்பிள்ளை, பட்டறையில் பங்காளி. சக்கரப் பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போய்விடுகிறார். எனக்கு இடுப்பு வலி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் அதேதான். பெண்டாட்டி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரவைத்துத் தைலம் தேய்த்துவிடுகிறாள். வலிக்காத இடுப்பில் தைலம் என்னமாய் எரிகிறது.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வலி இல்லை. பயம். டிசம்பரில் ஜாக்கி சறுக்கி வண்டி என் மேல் இறங்கியது. கழற்றிப் போட்ட சக்கரம் அடியில் கிடந்ததால் அதன் மேல் உட்கார்ந்தது. என் நெஞ்சுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கை நுழையாது. மாப்பிள்ளை மறுபடி தூக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்தபோது ஒரு கீறல் இல்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று எல்லாரும் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதோடு முடிந்தது.

மறுநாள் பலகையில் படுத்தேன். தலை பம்பரைத் தாண்டியதும் காலை உதைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து இடுப்பு வலி.

வண்டிக்கு அடியில் போகப் பயப்படுகிற மெக்கானிக். தெரிந்தால் ஊர் சிரிக்கும். சிரித்தால்கூடப் பரவாயில்லை, வேறு பட்டறைக்குப் போய்விடும்.

பிப்ரவரி 11

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்த மெஷினைப் பார்த்தேன். குடம் அளவுக்கு ஒரு டப்பா, மேலே சைக்கிள் பம்பு மாதிரி கைப்பிடி, பக்கத்தில் பென்சில் கனத்தில் நீளக் குழாய். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் குழாயை அடிமட்டம் வரை விட வேண்டும். கைப்பிடியை அடிக்க அடிக்க டப்பாவுக்குள் காற்று இல்லாமல் போகும், பழைய ஆயிலை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை வடிக்க அடியில் போய் நட்டைக் கழற்றவே வேண்டியதில்லை.

"குனியவே வேணாம் தலைவரே" என்றார் கடைக்காரர்.

அவர் வியாபாரத்துக்குச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. விலைகூடக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

"என்ன மச்சான், ஆயில் மாத்தப்போறோமா, வண்டிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணப்போறோமா?" என்றார் மாப்பிள்ளை.

முதல் தடவை மானம் போனது. அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். குழாயில் கறுப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பிறகுதான் புத்தி வந்தது, இன்ஜின் ஆறிக்கிடக்கிறது, ஆயில் கெட்டியாக இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி குழாயை விட்டேன். அடியில் சுருண்டுகொண்டது. விரலளவு மேலே இழுத்தேன், சரசரவென்று ஏற ஆரம்பித்தது. கடைசியில், ஸ்ட்ராவில் அடி ஜூஸை உறிஞ்சுகிற சத்தம்.

மாப்பிள்ளை நம்பவில்லை. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க அடியில் போய் நட்டைக் கழற்றினார். சின்ன டம்ளர் நிறையக்கூட வரவில்லை.

"பரவால்ல, நல்லாதான் குடிக்குது" என்றார்.

பிப்ரவரி 16

தைலம் தீர்ந்துவிட்டது. பெரிய பாட்டிலாக வாங்கி வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 25

மெஷினைப் பார்க்கவே ஆள் வருகிறது. சொட்டுச் சிந்தாமல் வேலை முடிகிறது, காத்திருக்கிறவர்களுக்கும் சந்தோஷம். "ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிருக்கீங்களே" என்றார் ஒருவர்.

ஆனால் ஹார்ன் சத்தம் கேட்டாலே எந்த வண்டி என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். ஆயிலோடு சேர்த்து மாற்றுகிற ஃபில்டர் மேலே இருக்கிற வண்டி என்றால் பிழைத்தேன். கீழே இருக்கிறது என்றால் மாப்பிள்ளையைத் தேட வேண்டும். இன்று அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அப்படி ஒன்று வந்தது. ஃபில்டர் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அலமாரியில் ஆறு ஃபில்டர் இருந்தது.

வீட்டில் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், "முதுகுல அழுக்கே இல்ல. இப்பதான் மனுஷன் மாதிரி வீட்டுக்கு வர்றீங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 5

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

காலையில் தங்கச்சி வந்தாள். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ், நாளெல்லாம் காரில்தான். "அண்ணா, சீக்கிரம் மாத்திக் குடு. மேட்டுத்தெரு தாத்தா காத்துக்கிட்டிருப்பாரு" என்றாள். மாப்பிள்ளை பார்ட்ஸ் எடுக்கப் போயிருந்தார். நல்லவேளை, ஃபில்டர் மேலே இருக்கிற வண்டி. உறிஞ்சினேன், ஃபில்டரை மாற்றினேன், புது ஆயிலை ஊற்றினேன், கம்பியை எடுத்து அளவைக் காட்டினேன். அவள் டீ குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டேன். "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு தரையைக் கூட்டும்போது பார்த்தேன். பின்சக்கரம் நின்ற இடத்தில் ஈரம், நாணயம் அளவுக்கு. இன்ஜின் ஆயில் இல்லை, கறுப்பாக இல்லை. தொட்டால் வழவழ. மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில்.

அது ஒழுகித் தீர்ந்தால் பிரேக் பிடிக்காது.

கீழே படுத்து நட்டைக் கழற்றின காலத்தில், ஆயில் வடிகிற நேரம் முழுக்கச் சும்மா கிடப்பேன். கண் தானாகப் பிரேக் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் வரை போய்வரும். அது வேலையிலேயே சேர்த்தி இல்லை, வேறு பார்க்க ஒன்றுமில்லை என்று பார்த்ததுதான். மெஷின் வந்தபின் அந்தப் பார்வை போய்விட்டது. இல்ல, மெஷின் மேல ஏன் பழியப் போடுறேன்? அது ஆயில உறிஞ்சுது, கண்ணயா புடுங்குச்சு? பயந்தது நான்தானே.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னதே நான்தான். ஸ்கூட்டரை எடுத்தேன். பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. வழியெல்லாம் எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு போனேன்.

வண்டி தாத்தா வீட்டு வாசலில், சரிவில் ஒழுங்காக நின்றது. அப்போதுதான் மூச்சே வந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்தேன். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். தலையை மட்டும் உள்ளே விட்டால் போதும். முழங்கால் போட்டேன். கன்னம் ரோட்டில் பட்டது. அதற்கு மேல் முடியவில்லை. போ, போன்னு சொல்றேன் — கழுத்து கேட்டாத்தானே? அவ உசுரு ஊசலாடுற வண்டிடா இது, உள்ள போடா —

"அண்ணா, என்ன தேடுற?" மருந்துப் பையோடு பின்னால் நின்றாள்.

"பிரேக் ஒழுகுது. கீழ பாக்கணும். என்னால முடியல."

அவ்வளவுதான் சொன்னேன். அழுதேன்.

பையை என் கையில் கொடுத்தாள். வெள்ளை யூனிபார்மோடு ரோட்டில் படுத்துத் தலையை உள்ளே விட்டாள். "எங்க பாக்கணும்னு சொல்லு." சொன்னேன். "ஆமா, குழாய் துருப்பிடிச்சிருக்கு. ஈரமா இருக்கு. இந்தா, இப்பக்கூட ஒரு சொட்டு விழுது."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லி, வண்டியைக் கட்டி இழுக்க அவர் ஆள் அனுப்பும்வரை மதில் ஓரம் உட்கார்ந்திருந்தோம். டிசம்பரிலிருந்து நடந்ததெல்லாம் சொன்னேன்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இடுப்பு வலின்னு சொல்லிருக்கேன்."

"தைலம் தேய்க்கிறாங்களா?"

"தினமும்."

சிரித்துவிட்டாள். அப்புறம், "அவங்ககிட்ட சொல்லிடு. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

மார்ச் 6

குழாயை மாப்பிள்ளையே மாற்றினார். முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஆயில் மாத்துனீங்க, சரி. ஒரு தடவ கீழ எட்டிப் பாத்திருக்கக் கூடாதா மச்சான்? ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா அவ" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். "இடுப்பு..." என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானம் தைலப் பாட்டிலோடு வந்தாள். வேண்டாம், வலி இல்லை என்றேன்.

"கொறஞ்சிடுச்சா?"

"எப்பவுமே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள், இறுகினபிறகும் திருகிக்கொண்டிருந்தாள். "அப்ப நான் இத்தன நாளா எதுக்குத் தேய்ச்சேன்?" பாட்டிலைக் கீழே வைத்தாள். "பயம்னு சொல்லிருந்தா பக்கத்துல வந்து உக்காந்திருப்பேன்ல" என்றாள். எழுந்து போய்விட்டாள். கோபம்தான். துணியெல்லாம் மடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மார்ச் 10

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். ஷட்டரைத் திறந்ததுமே சொன்னேன், வண்டி எதுவும் வருவதற்குள். கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு ஜாக்கிய வெச்சது யாரு?"

யோசித்தேன். நிஜமாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

"நான்தான். கோணலா நிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுது. சரி, பாத்துக்கலாம்னு விட்டேன். நீங்க உள்ள போயிட்டீங்க." அப்புறம் சொன்னார், "வர்ற வண்டியெல்லாம் என் தலையில கட்டுனீங்கல்ல, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, வாயால சொல்லாம பழி வாங்குறீங்கன்னு நெனச்சேன். நியாயந்தான்னு நானும் போய்ப் போய்ப் படுத்தேன். ஒவ்வொரு தடவயும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் மச்சான்."

நான் பயந்து அனுப்பியிருக்கிறேன், அவர் பயந்துகொண்டே போயிருக்கிறார். நடுவில் ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

மார்ச் 12

நல்ல கனமான இரும்பு ஸ்டாண்டுகள் வாங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி இனி யாரும் படுப்பதில்லை. இன்னொரு ஏற்பாடு. நான் மேலே மெஷினால் ஆயிலை உறிஞ்சி முடித்ததும், எந்த வண்டியானாலும் மாப்பிள்ளை அடியில் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

முதல் வண்டிக்கே பலகையில் படுத்தவர் தயங்கினார். "மச்சான், என் காலைப் புடிச்சுக்கறீங்களா? சும்மாதான். எதாச்சும்னா இழுத்துடலாம்ல."

"பொண்ணு குடுத்தவன் மாப்பிள்ள காலப் புடிக்காம முடியுமா?" என்றேன். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வண்டிக்காரர் அந்தப் பக்கமாக வந்து, நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, "காலப் புடிச்சாவது இன்னிக்கே முடிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

மார்ச் 17

பானெட்டில் வளைந்து வளைந்து நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 20

மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் படுத்துப் பார்த்தேன். பம்பர் வரைதான். நெஞ்சு அடித்த அடியில் சட்டை நனைந்துவிட்டது. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஏப்ரல் 2

தங்கச்சி பிள்ளைகளோடு நாளைக்கு வெகுதூரம் போகிறாள். வண்டியை ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லிக் கொண்டுவந்தாள். ஸ்டாண்டில் ஏற்றினோம். நான் ஆட்டிப் பார்த்தேன், மாப்பிள்ளை ஆட்டிப் பார்த்தார், மறுபடி நான்.

அவர் பெண்டாட்டி வண்டி, அவர் போவதுதான் முறை. பலகையை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் படுத்ததும் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

புதுக் குழாயை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவினேன். காய்ந்துதான் இருக்கிறது. "என்னண்ணா தெரியுது?" என்று வெளியே தங்கச்சி குரல். "எங்கயும் ஒழுகல. தாராளமாப் போயிட்டு வா" என்றேன். குரல் நடுங்கியது. அவள் காதில் விழுந்திருக்கும், விழட்டும்.

மாப்பிள்ளை என் கணுக்கால் இரண்டையும் விடாமல் பிடித்திருந்தார். அவர் கையிலும் வியர்வைதான். போதும் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை.